மங்கையைச் சுற்றிப் போட்ட சிவப்பு வட்டம்

எண்ணூர்க் கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அவர்களில் விமானம் ஏறியவள் மங்கை ஒருத்திதான். ஏறியது 2006 பிப்ரவரியில். போனது சிங்கப்பூருக்கு. எதற்கு என்று கேட்டால், பறவை பார்க்க. இதைச் சொன்னால் இன்றைக்கும் குப்பத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். மங்கைக்கு மட்டும் வராது. பேச்சை எடுத்தாலே அவள் முகம் இறுகிப்போகும்.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் பாஸ்கர் காசிமேட்டில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. ஒரே மகள் ஜெயஸ்ரீயை மீஞ்சூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு அரிசி பருப்பு மங்கையின் கையில் இருந்தது. வற்றம் விழுந்து தண்ணீர் இறங்கினதும் பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்குவார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குந்தின வாக்கிலேயே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். இறால் விரலில் துள்ளும். பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். வாய் பறியைக் கடித்திருப்பதால் அந்த மூன்று நான்கு மணி நேரமும் யாரும் பேச முடியாது. கண் மட்டும் சும்மா இருக்கும். அதனால் அவள் பறவைகளைப் பார்த்தாள்.

பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. பனி தொடங்கும்போது எங்கிருந்தோ வந்து இறங்கும் உள்ளான் கூட்டம் எந்தத் திட்டில் மேய்கிறதோ அங்கே சேற்றுக்கு உயிர் இருக்கிறது, புழு இருக்கிறது, இறாலும் இருக்கும். உள்ளான் ஒதுக்கின இடத்தில் இறங்கினால் வெறும் பறியோடுதான் கரையேற வேண்டும். குப்பம்மா என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. எந்தப் பக்கம் இறங்கலாம் என்று தினமும் மங்கையைக் கேட்டுவிட்டுத்தான் சேலையை இழுத்துச் செருகுவாள்.

உள்ளான் ஒதுக்கிய இடங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு போயின. காரணம் எல்லோருக்கும் தெரியும். கழிமுகத்துக்கு அந்தண்டை ஒரு மின்சாரக் கம்பெனி. அங்கிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அனுப்பும் குழாய்கள் கழிமுகத்தின் குறுக்கே போயின. குழாய் ஓட்டையானால் சாம்பல் ஆற்றில் கொட்டும். கொட்டினது அடியில் படிந்து சிமெண்டு போல இறுகும். அதில் கை வைத்தால் நகக்கண் வெடிக்கும். பெண்கள் எத்தனையோ முறை போய்ச் சொன்னார்கள். வாட்ச்மேனைத் தாண்டி அந்தச் சொல் உள்ளே போனதாகத் தெரியவில்லை.

கருணாகரன் வந்து சேர்ந்தது இந்த நிலையில்தான். பேங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கே அடையாறு பக்கம் வீடு. பறவை பார்க்கிறவர்களுக்காக ஒரு சங்கம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேனில் ஏழெட்டு பேரைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்கு வருவார். முதல் நாள் அவர்கள் தப்பான திட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மங்கையே வலியப் போய், வேறு பக்கம் கைகாட்டினாள். அங்கே முந்நூறு நானூறு உள்ளான் இருந்தது. அன்றிலிருந்து அவர் வந்தாலே மங்கையைத்தான் கேட்பார். எதற்கும் அவள் காசு வாங்கினதில்லை. அவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சாம்பலில் சிக்கிச் செத்துக் கிடந்த ஒரு கூழைக்கடாவைப் பார்த்து ஒரு தரம் அவர் கண் கலங்கினார். அதை மங்கை கண்ணால் பார்த்தாள். நல்ல மனுஷர் என்று நம்பினாள். பின்னால் அவளை வாட்டியதும் அதுதான். பறவைக்காக அழுத கண் அது.

சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு யார் யாரோ வந்தார்கள். அரிசிக்கு ஒரு கையெழுத்து, பாத்திரத்துக்கு ஒரு கையெழுத்து, வலைக்கு ஒன்று, போட்டுக்கு ஒன்று. படிக்கிறதற்கு நேரம் இல்லை, படிக்கிறவர்களும் இல்லை. நீட்டின இடத்தில் போட்டார்கள். சுனாமிக்கு அடுத்த வருஷக் கடைசியில் கருணாகரன் ஒரு தாள் கொண்டுவந்தார். முழுக்க இங்கிலீஷ். கழிமுகத்தைக் காப்பாற்ற வெளிநாட்டுக்கு எழுதுகிறோம், இறால் பிடிக்கிறவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார். மங்கை ஐந்தாவது வரை படித்தவள். தமிழில் தன் பேரை எழுதினாள். குப்பம்மா ரேகை வைத்தாள். மங்கையே வீடு வீடாகப் போய் தன்னுடையதோடு சேர்த்து மொத்தம் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அவர் ஒரு சேதியோடு வந்தார். சிங்கப்பூரில் சதுப்புநிலக் காப்பகங்களைப் பார்வையிட ஒரு பயணம், கூடவே ஒரு கூட்டம். அவரோடு கழிமுகத்து மக்களில் ஒருவரும் வர வேண்டுமாம். பயணச் செலவு எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். மங்கை வருவாளா?

பாஸ்கர்தான் முதலில் தலையாட்டினான். கல்மண்டபம் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மங்கை யோசித்தது வேறு. இங்கே வாட்ச்மேன் கேட்காததை அங்கே நாலு பேர் கேட்பார்கள், பெரிய ஆட்களாக இருப்பார்கள், சாம்பலைப் பற்றிச் சொல்லலாம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எதற்குப் போகிறாய் என்று கேட்டு, பறவை பார்க்க என்றதும் நம்பாமல் இரண்டு முறை திரும்பி வந்தார். ஒருவழியாகப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஜெயஸ்ரீ தன் கல்யாணத்துப் பட்டுச்சேலையைக் கொடுத்தாள். குப்பம்மா வந்து காதில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அங்க போயி வாயத் தொறந்து பேசு. பறியக் கடிச்சிகினு நிக்காத."

சிங்கப்பூரில் முதல் நாள் காலை அவளுக்குச் சந்தோஷமாகவே விடிந்தது. அந்தக் காப்பகம் தீவின் வடக்கு ஓரத்தில் இருந்தது. அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை போட்டிருந்தார்கள். ஓசைப்படாமல் உட்கார்ந்து பார்க்க மரக் குடில்கள். குடிலின் நீள ஜன்னல் வழியே பார்த்தால் சேற்றுத் திட்டு, அதற்கப்பால் கடல், கடலுக்கு அந்தக் கரையில் மலேசியா. ஏழெட்டு நாட்டுக்காரர்கள் இருபது பேர் கழுத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். மங்கையிடம் ஒன்றைக் கொடுத்தார்கள். கண்ணில் வைத்தாள், தலை சுற்றியது, திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெறுங்கண்ணாலேயே திட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது ஓரத்தில் கைகாட்டினாள். சேற்று நிறத்திலேயே சேறோடு சேறாக நின்றிருந்த உள்ளான்களை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் வளைந்த மூக்கோடு பெரியது ஒன்று. ஒருத்தர் ஓசையில்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு ஜப்பான்காரர் எழுந்து வந்து அவளுக்கு வணக்கம் வைத்தார்.

இதே பறவைகள்தான் இங்கேயும் வருகின்றன என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே அதற்கு எதிரே ஒருவர் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் முறைக்கிறார். எண்ணூரில் அது சாம்பலில் நிற்கிறது. முதல் கோபம் அப்போதுதான் துளிர்த்தது என்று மங்கை பிற்பாடு சொல்வாள். ஆனால் அது இன்னும் கம்பெனிமேல் இருந்த பழைய கோபம்தான்.

அங்கே அமீர் என்று ஒருவர் வேலை பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கடையநல்லூரிலிருந்து போய் அங்கேயே தலைமுறையாகிவிட்ட குடும்பம். பலகைப் பாதையைப் பழுது பார்ப்பது, மதகைத் திறந்து மூடுவது, கூட்ட அறையில் திரை போடுவது என்று எல்லாம் அவர் வேலை. தமிழ் கேட்டதும் ஓடி வந்து, சாப்பிட்டீர்களா அக்கா என்று விசாரித்தார். மங்கை அந்த மதகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது இறால் வளர்க்கிற மதகு ஆயிற்றே என்று கேட்டாள். அமீருக்கு வியப்பு. ஆமாம், முன்னாடி இது முழுக்க இறால் குட்டைதான், அந்தக் குட்டைகளுக்குத்தான் பறவைகள் வந்துகொண்டிருந்தன, அப்புறம் காப்பகமாக்கினார்கள் என்றார்.

"அந்த எறால் பண்ணவங்க இப்போ எங்க கீறாங்க?"

அமீர் கொஞ்சம் யோசித்தார். "ப்ளாட்டு கொடுத்தாங்கன்னு கேள்வி, அக்கா. ரொம்ப வருஷமாச்சு. எனக்குச் சரியாத் தெரியாது."

மத்தியானம் சாப்பாட்டில் மங்கைக்கு மனம் செல்லவில்லை.

கூட்டம் மூன்று மணிக்கு. குளிரூட்டிய அறை, வெள்ளைத் திரை. காப்பகத்துக்குத் தலைவியான சீனத்து அம்மாள் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி, காலில் சேறு படிந்த பூட்ஸ். ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் ஊர்ச் சதுப்புநிலத்தைப் பற்றிப் பேசினார்கள். கருணாகரன் முறை வந்தது. மங்கையை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவர் இங்கிலீஷில் பேசப் பேசத் திரையில் எண்ணூர் வந்தது. பூநாரை வந்தது. வந்துபோகும் உள்ளான் கூட்டம் வந்தது. மங்கைக்குப் பெருமையாக இருந்தது. சாம்பல் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

சாம்பல் வரவில்லை. அவள் வந்தாள்.

கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில், வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, அவளும் குப்பம்மாவும் இன்னும் நாலு பேரும். போன வருஷம் கருணாகரன் எடுத்த படம். சிரிக்கச் சொல்லி எடுத்தார், பறியைக் கடித்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அந்தப் படத்தில் அவர்களைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. வட்டத்திலிருந்து ஒரு அம்பு, பறந்துபோகிற பறவைகளைப் பார்த்து நீண்டது. கீழே நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவளுக்கும் சிவப்பு வட்டம் புரியும். மங்கை மெல்லத் திரும்பி, சுவரோரம் நின்றிருந்த அமீரைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று சைகையால் கேட்டாள். அமீர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது ஒரு வரைபடம். கழிமுகத்தின் ஒரு பக்கத்துக்குப் பச்சை அடித்து, வேலி போட்டு, பலகைப் பாதையும் குடிலும் வரைந்திருந்தது. அது எந்த இடம் என்று மங்கைக்கு வளைவைப் பார்த்ததுமே தெரிந்தது. சாம்பல் இன்னும் எட்டாத ஒரே திட்டு அது. பெண்கள் பிழைத்துக்கொண்டிருந்ததே அங்கேதான். குழாய் போகிற பக்கத்துக்கு எந்த நிறமும் இல்லை. கடைசிப் படத்தில் நன்றி சொல்லிச் சில முத்திரைகள். அதில் ஒன்று, சூரியனுக்குள் மின்னல். கம்பெனி வாசலில் பெரிதாக வரைந்திருக்கிற அதே முத்திரை. எத்தனை தடவை அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். தன்னை விமானத்தில் ஏற்றியது யார் காசு என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது. ஜெயஸ்ரீயின் பட்டுச்சேலை உடம்பில் முள்ளாகக் குத்தியது.

கருணாகரன் அவளை அழைத்து, எழுந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார், தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். மங்கை எழுந்தாள். பேசினாள். சாம்பலால் திட்டுகள் செத்துவிட்டன, எஞ்சியது ஒன்றுதான், அதில் வேலி போட்டால் நாங்கள் எங்கே போவது என்று சொன்னாள். கருணாகரன் புன்னகையோடு அதை இங்கிலீஷில் சொன்னார். அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஜப்பான்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

மங்கை திகைத்துப்போனாள். எங்கே போவது என்று கேட்டால் யாராவது கை தட்டுவார்களா? அவள் நேரே அமீரைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"தம்பி, நான் சொன்னத்த இவுரு சொன்னாரா?"

அமீர் சம்பளக்காரர். கூட்டத்தில் பேசுவது அவர் வேலை இல்லை. கருணாகரன் சிரித்து மழுப்பி, அவளுக்குக் களைப்பு என்றோ என்னவோ இங்கிலீஷில் சொன்னார். மங்கை உட்காரவில்லை. அமீரிடமிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. கடைசியில் அவர் சொன்னார்.

"இல்ல, அக்கா. பறவை எங்க விருந்தாளி, அதுக்காக நாங்க சந்தோஷமா ஒதுங்கிக்கிறோம், கம்பெனி எங்களுக்கு உதவி பண்ணுதுன்னு நீங்க சொன்னதாச் சொன்னார்."

தமிழ் தெரியாத அந்த அறைக்கும் என்னவோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. சீனத்து அம்மாள் அமீரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கருணாகரனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அமீரை மங்கைக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். முதலிலிருந்து சொல்லச் சொல் என்றார்.

மங்கை படத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். சிவப்பு வட்டம் மறுபடி வந்தது.

"இது நானு. இது குப்பம்மா. நாங்க எறங்கனா பறவ பறக்கும். இல்லேங்கல. பத்தடி தள்ளிப் போயி ஒக்காரும், அப்பால எங்க பின்னாலயே வரும். நாங்க சேத்தக் கெளறி வுட்டா புயு மேல வரும், அத்தத் துன்றதுக்கு. நான் பொறந்ததுலருந்து பாத்துகினு கீறேன். சாம்பல் கொட்ன எடத்துல அது ஒக்காராது. அங்க நாங்களும் எறங்க மாட்டோம். அதுக்கும் எங்களுக்கும் ஒரே நோவு. சாரு அந்த நோவுக்கு வட்டம் போடல. எங்களுக்குப் போட்டுகீறாரு."

அமீர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

சீனத்து அம்மாள் ஒன்று கேட்டார். நாற்பத்து மூன்று பெண்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் எங்களுக்கு அனுப்பப்பட்டிருக்கிறதே, அது என்ன? கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னாள் மங்கை. கொண்டுவந்தார்கள். அமீர் அதைத் தமிழில் படித்தார். காப்பகம் அமைவதற்காக அந்தத் திட்டில் இறால் பிடிப்பதை விட்டுவிட நாங்கள் மனமார ஒப்புக்கொள்கிறோம். கீழே முதல் கையெழுத்து அவளுடையது. அழகாக, புள்ளி வைத்து, மங்கை. அதற்குக் கீழே வீடு வீடாகப் போய் அவளே வாங்கின மற்றவர்கள் பேர். குப்பம்மாவின் ரேகை.

சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. சாம்பலைத் தடுக்கிறதற்கு என்று சொல்லி வாங்கினார்கள், சுனாமிக்கு அப்புறம் நீட்டின தாளில் எல்லாம் போட்டோம், இதில் இப்படி எழுதியிருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லி முடித்து உட்கார்ந்தாள். கருணாகரன் எழுந்து ஏதோ விளக்கினார். வெகுநேரம் விளக்கினார். அதை அமீர் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். "நான் கெட்டவன் இல்லம்மா. கம்பெனியை எதிர்த்தா ஒரு ஏக்கர்கூட மிஞ்சாது. சமாதானமாப் போய்க் கொஞ்சமாவது காப்பாத்தலாம்னுதான் பார்த்தேன்."

"யாருக்கு சார் அந்தக் கொஞ்சம்?" என்று கேட்டாள் மங்கை.

அவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

மறுநாள் மலேசியாவின் மேற்குக் கரையில் இன்னொரு காப்பகத்துக்குப் பயணம். காலையில் கருணாகரன், மற்றவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்துவிடும்படி அவளிடம் சொல்லிப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பறவை பார்க்கத்தான் கூட்டி வந்தீர்கள், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு மங்கை பஸ்ஸில் முதல் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. அந்த ஜப்பான்காரர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார்.

அந்தக் கரையில் கடல் வற்றி, கண்ணுக்கெட்டின தூரம் சேறாகக் கிடந்தது. அதில் ஆயிரக்கணக்கில் உள்ளான். எழும்பும்போது வானத்தில் துணியை உதறினாற்போல் ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் சாம்பல் நிறமுமாகத் திரும்பியது. வாழ்நாளில் மங்கை அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் நேற்று நடந்ததே மறந்துபோயிற்று. பிறகு அந்தச் சேற்றில் வேறு என்னவோ அசைவதைக் கண்டாள். ஆட்கள். ஒரு முழங்காலைப் பலகைமேல் ஊன்றி, இன்னொரு காலால் உந்திச் சேற்றில் சறுக்கிக்கொண்டு போய், சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர். அவர்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில் பறவைகள் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

மங்கை கருணாகரனின் முழங்கையைத் தொட்டாள். அந்த ஆட்களைக் காட்டினாள். அவர் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோய், வேறு திசையில் திருப்பிக்கொண்டார். அந்தத் திசையில் வெறும் வானம்தான் இருந்தது.

மீனம்பாக்கத்தில் இறங்கினதும் அவர் தன் காரில் ஏறிப் போய்விட்டார். மங்கை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மின்சார ரயில் பிடித்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் மாறி எண்ணூர் வந்து சேர்ந்தாள்.

வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. நடந்ததைச் சொன்னதும் குப்பத்துப் பெண்கள் முதலில் திரும்பினது அவள்மேல்தான். கையெழுத்து வாங்க வந்தது யார்? நீதானே. விமானத்தில் போனது யார்? நீதானே. திட்டை விற்றுவிட்டு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாய் என்று ஒருத்தி முகத்துக்கு நேரேயே சொன்னாள். பாஸ்கர் சண்டைக்குப் போனான். மங்கை தடுத்துவிட்டாள். அவர்கள் கேட்பதில் என்ன தப்பு என்று அவளுக்கே பட்டது. ஏமாந்தவள் என்பதற்காக, ஏமாற்றியவன் கையில் ஆயுதமாக இருந்தது இல்லையென்று ஆகிவிடுமா? நான்கு நாள் யாரும் அவளோடு தண்ணீரில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் குப்பம்மா வந்து பக்கத்தில் குந்தினாள். பறி வாயில் இருந்ததால் எதுவும் பேசவில்லை.

பிறகு மங்கை ஒரு காரியம் செய்தாள். தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினாள். முந்தின தாளில் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது, அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை, எங்களுக்கு வேண்டியது சாம்பல் நிற்பது. அதை ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டாள். ஏழு பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களை அவள் கட்டாயப்படுத்தவில்லை. மீதி முப்பத்தாறு பேர் போட்டதை அமீர் கொடுத்திருந்த விலாசத்துக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துச் சீனத்து அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அமீர் தன் கையால் தமிழில் எழுதி இணைத்திருந்தார். அந்தத் திட்டத்துக்கு இனி எங்கள் ஆதரவு இல்லை, சாம்பலை நிறுத்தும் அதிகாரம் எங்களுக்கு இல்லாததற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. வேலி வரவில்லை. கருணாகரனின் சங்கமும் எண்ணூருக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

சாம்பல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மங்கை மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். பறவை என்று எழுதியிருந்ததால் மீன்துறையில் வனத்துறைக்குப் போகச் சொன்னார்கள். இறால் என்று எழுதியிருந்ததால் வனத்துறையில் மீன்துறைக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஒரு அதிகாரி, நீங்கள் பறவைச் சங்கமா மீனவர் சங்கமா, முதலில் அதை முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார். அன்று வீட்டுக்கு வந்து மங்கை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தாள்.

அந்த ஜூன் மாதம் எஞ்சின திட்டின் ஓரத்திலும் சாம்பல் எட்டியது. மறுநாள் காலை மங்கை, குப்பம்மா உட்படப் பதினொரு பெண்கள் போய்க் குழாயின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கையெழுத்துப் போட மறுத்த ஏழு பேரில் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். வெயிலில் இரும்பு சுட்டது. ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். வாட்ச்மேனைத் தாண்டி முதல்முறையாகக் கம்பெனியின் ஒரு என்ஜினியர் வெளியே வந்தார். சாயங்காலம் போலீஸ் வேனும் வந்தது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஓட்டை இருந்த இடத்தில் புதுக் குழாய் போட்டார்கள். அந்தத் திட்டு இரண்டு வருஷம் தப்பித்தது. அப்புறம் வேறொரு இடத்தில் உடைந்தது, மறுபடி போய் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பதினொரு பேர்மேல் போட்ட வழக்கு மூன்று வருஷம் நடந்தது. அத்துமீறி நுழைந்தார்கள், வேலையைத் தடுத்தார்கள் என்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதினொரு பேரும் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டுப் போய் நின்றார்கள். முதல் வாய்தாவில் எழுத்தர் ஒவ்வொருவரிடமும் பேர், வயது, தொழில் கேட்டார். மங்கை, இறால் தடவுகிறது என்றாள். அவர் தலை நிமிராமல் கூலி என்று எழுதினார். தமிழில் எழுதினதால் அது அவளுக்குத் தெரிந்தது.

"நான் யாருக்கும் கூலி இல்ல சார். அடிச்சிட்டு எயுதுங்கோ."

எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மங்கை நகரவில்லை. பின்னால் நின்ற பத்துப் பேரும் நகரவில்லை. என்ன சத்தம் என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள். எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்து, கூலியை அடித்துவிட்டு, இறால் பிடிப்பு என்று எழுதினார். அவள் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகுதான் குப்பம்மாவுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.